பழி ஏன் கரும்புக்காரர் தலையில்?

கரும்பு விவசாயிக்குப் புதிய சாகுபடி முறைகளைச் சொல்லிக்கொடுக்கச் செலவழிக்கும் பணம் வீண் என்று வாதிடும் கட்டுரை ஒன்று சென்ற இதழில் வெளிவந்தது. அது சொல்வது இதுதான்: கேரளத்து மலை ஊர்களான மறையூர், காந்தளூர் கரும்புக்காரர்களும் தமிழ்நாட்டுக் கரும்புக்காரர்களும் பழைய வழியை விடமாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள், அறியாமையும் சோம்பலும்தான் அதற்குக் காரணம். பயிற்சியும் மானியமும் எவ்வளவு கொடுத்தாலும் அவர்கள் மாறமாட்டார்கள் என்பதால் அவற்றை நிறுத்திவிடலாம். வெல்லம் காய்ச்சும் சிறிய ஆலைக்கொட்டகைகள் ஒழிந்து தொழில் பெரிய முதலீட்டாளர் கைக்குப் போனால்தான் நவீனம் வரும். கொச்சிக்கு வெல்லம் வந்து சேர்ந்தால் சரி, அது எங்கிருந்து வந்தால் என்ன?

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் வெல்ல வியாபாரத்தை நம்பிப் பிழைத்தவன் நான். இங்கே வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு இருக்கிறது. அந்தக் குடும்பங்களைச் சோம்பேறிகள் என்று அச்சில் எழுதியதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எனக்குக் கௌரவம் அல்ல. கட்டுரையின் முதல் வாதம் வரலாற்றுக்கு நேர்மாறானது. மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன.

கரும்பு விவசாயி புதியதை ஏற்கமாட்டார் என்பது உண்மையானால், கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக யாருக்காக வேலை செய்தது? அங்கே விஞ்ஞானிகள் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் பருமனான நாட்டுக் கரும்பைக் காட்டுக் கரும்பு இனத்தோடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918-இல் வெளியானது. வறட்சியையும் குளிரையும் தாங்கிய அந்தக் கரும்பை வடஇந்திய விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். அன்று அவர்கள் கையில் மானியமும் இல்லை, கைபேசியும் இல்லை. தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1930-களில் அதே நிறுவனத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். அந்த மரபில் வந்த ரகங்கள் நாடெங்கும் வயலுக்குப் போயின. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான கரும்பு நிலத்தில் நிற்கும் கோ 86032 ரகமும் கோயம்புத்தூரில் பிறந்ததுதான். அதைப் பரப்பியதும் விவசாயிகள்தான். ஒருவர் தோட்டத்தில் பார்த்து இன்னொருவர் விதைக்கரணை வாங்கிப் போய் நட்டார்.

இன்னும் அண்மைக் கதை உத்தரப்பிரதேசத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் நிறுவனத்தின் கர்னால் மையத்தில் பக்‌ஷி ராம் உருவாக்கிய கோ 0238 ரகம் 2009-இல் வெளியிடப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மாநிலத்தின் கரும்பு நிலத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் அந்த ஒரே ரகம் நின்றது. ஆலைகளில் சர்க்கரை கட்டுமானம், அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் விகிதம், உயர்ந்தது. லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் தாங்களாகவே ரகம் மாற்றினார்கள். புதியதைக் கண்டு அஞ்சுகிற கூட்டம் இப்படிச் செய்யுமா?

அதே ரகம் அடுத்துத் தந்த பாடத்தைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. மாநிலம் முழுக்க ஒரே கரும்பு நின்றதால் செவ்வழுகல் நோய் அதற்குள் புகுந்து பரவியது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து அழுகி நிற்கும் அந்த நோய் முற்றிய வயலை வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். ரகத்தைப் பரிந்துரைத்தவருக்கு அதனால் சம்பளம் குறையவில்லை. ஆலை வேறு வயலில் கரும்பு எடுத்துக்கொண்டது. அழிந்த வயலின் கடன் விவசாயி பெயரில் நின்றது. அடுத்த முறை ஒருவர் புதிய ரகத்தோடு வீட்டு வாசலுக்கு வரும்போது அந்த விவசாயி நாலு கேள்வி கேட்டால், பட்ட அனுபவம்தான் அவரைக் கேட்க வைக்கிறது. அதற்கு அறியாமை என்று பெயர் வைக்கக் கட்டுரையாளருக்கு எந்த உரிமையும் இல்லை.

கரும்பு எப்படிப்பட்ட பயிர் என்பதையும் அவர் யோசித்துப் பார்க்கவில்லை. நெல்லில் ஒரு புதிய முறையைச் சோதிக்க நாலு மாதம் போதும். காய்கறியில் இரண்டு மாதத்தில் விடை தெரிந்துவிடும். கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் நிற்கும். வெட்டிய பின் அதே கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்க விட்டு இரண்டு, மூன்று முறை அறுவடை செய்தால்தான் நட்ட செலவு முழுதாகத் திரும்பும். நடும் நாளில் செய்த தவறு மூன்று வருடம் கூடவே வரும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கரைச் சோதனைக்கு விட்டால், தன் வருமானத்தில் பாதியை ஒரு வருடத்துக்குப் பணயம் வைக்கிறார். மாதச் சம்பளக்காரர் யாரையாவது, உங்கள் சம்பளத்தில் பாதியை வருடக் கடைசியில்தான் தருவோம், வந்தால் கூடவும் வரலாம், வராமலும் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். அவர் யோசிக்காமல் தலையாட்டினால் விவசாயியின் தயக்கத்தைக் குறை சொல்லலாம்.

இனி மறையூருக்கு வருகிறேன். நீடித்த நவீன கரும்பு சாகுபடி என்று தமிழ்நாட்டு வேளாண் துறை சொல்லும் முறையை மறையூர்க்காரர்கள் ஏற்கவில்லை என்பது கட்டுரையின் முக்கியச் சான்று. இரண்டு, மூன்று பரு உள்ள கரணைகளை நெருக்கமாகப் புதைப்பதற்குப் பதிலாக, ஒற்றைப் பருவைச் சீவியெடுத்துக் குழித்தட்டில் ஒரு மாதம் நாற்றாக வளர்த்து, ஐந்தடி அகலப் பாரில் இரண்டடிக்கு ஒன்றாக நடுவதுதான் அந்த முறை. விதைக்கரும்பு மிச்சமாகும். வெயிலும் காற்றும் உள்ளே போகும். இடையில் உளுந்தோ காய்கறியோ ஊடுபயிர் வைக்கலாம். சொட்டுநீர்க் குழாய் போடவும் இடம் கிடைக்கும். நல்ல முறைதான், அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் மறையூரில் அந்த முறை நடவே படவில்லை என்பது தவறு. கோ 86032 நாற்றுகளைக் கொண்டு அங்கே சோதனைச் சாகுபடி நடந்திருக்கிறது. மத்திய அரசே அதைச் செய்திக்குறிப்பாக வெளியிட்டது. வழக்கமான முறையில் ஒரு ஏக்கருக்கு 30,000 கரணைகள் வைத்து சராசரியாக 40 டன் எடுக்கும் இடத்தில், 5,000 நாற்றுகளை நட்டு 55 டன் கிடைத்ததாக அந்தக் குறிப்பு சொல்கிறது. அந்த நாற்றை நட்டது யார்? கட்டுரையாளர் சோம்பேறி என்று சொன்ன அதே மறையூர் விவசாயி. தன் நிலத்தைக் கொடுத்து, தன் கையால் நட்டு, முறை வேலை செய்கிறது என்று நிரூபித்தவர் அவர். சோதனையில் வென்ற பிறகும் அது ஊர் முழுக்கப் பரவாமல் இருந்தால், கேள்வியை ஊர்க்காரரிடம் கேட்காதீர்கள். ஒரு மாத வயதுள்ள 5,000 நாற்றுகளை வேண்டிய வாரத்தில், வேண்டிய இடத்தில், நோயில்லாமல் கொடுக்க மலையில் எத்தனை நாற்றங்கால் இருக்கிறது என்று கேளுங்கள். உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து சின்னாறு காடு தாண்டி ஏற்றிவரும் தட்டுகளில் வழியில் வாடிப்போகும் நாற்றுக்கு யார் காசு கொடுப்பார் என்று கேளுங்கள். இளம் குருத்தை இரவில் காட்டுப்பன்றி கிளறினால், வளர்ந்த கரும்பை யானை வந்து சாய்த்தால், நெருக்கமாக நட்ட வயலில் மிஞ்சுவது ஏதாவது இருக்கும். இடைவெளிவிட்டு நட்ட வயலில் ஒவ்வொரு குத்தும் கணக்கு. இதையெல்லாம் மறையூர்க்காரர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமலே கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது.

கேரளத்தில் கரும்பு ஏன் சுருங்கியது என்பதற்கும் கட்டுரையாளர் விவசாயியைத்தான் கைகாட்டுகிறார். திருவல்லாவில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாதுரி, திருமதுரம், மதுரிமா, மதுமதி என்று இந்த மண்ணுக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ற ரகங்களை அது தந்தது. ஆராய்ச்சி நடந்தது, ரகம் வந்தது, விதையும் வந்தது. கரும்பை வாங்க ஆள்தான் இல்லாமல் போனது. பந்தளத்தில் மன்னம் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. சித்தூர் மேனோன்பாறையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருந்த வளாகம் இன்று மலபார் டிஸ்டிலரீஸ். திருவல்லா புளிக்கீழில் திருவிதாங்கூர் சர்க்கரை நிறுவனம் பெயரில் மட்டும் சர்க்கரையை வைத்துக்கொண்டு ஜவான் ரம் தயாரிக்கிறது. ஆலை மூடிய ஊரில் மாதுரியை நட்டு விவசாயி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்? வாங்குபவரை ஒழித்துவிட்டு, விளைவிப்பவர் நவீனமாகவில்லை என்று குற்றம் சாட்டுவதைப் பொருளாதாரம் என்று என்னால் ஏற்க முடியாது. இது பழியை இடம் மாற்றும் வேலை.

தமிழ்நாட்டில் ஆலைகள் இருக்கின்றனவே, அங்கே ஏன் மாறவில்லை என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான், விடை கரும்பின் விலையில் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் ஆதாய விலை 2025-26 பருவத்துக்கு ஒரு குவிண்டாலுக்கு 355 ரூபாய், 10.25 சதவீதச் சர்க்கரை கட்டுமானத்துக்கான விலை அது. 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் 329 ரூபாய் 5 காசுதான். அந்தக் கட்டுமானம் ஆலைக்கு வரும் மொத்தக் கரும்பின் சராசரி. ஒரு விவசாயி நோயில்லாத நாற்று வாங்கி, தோகை உரித்து, சரியான வயதில் வெட்டி, மற்றவர் கரும்பைவிட இனிப்பான கரும்பை அனுப்பினாலும் அவருக்கென்று ஒரு காசு கூடக் கூடுதலாக வராது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு தள்ளிப்போய், முற்றிய கரும்பு வயலில் காய்ந்து எடை இழந்தால் அந்த இழப்பும் அவருக்குத்தான். உழைப்பைக் கூட்டினால் விலை கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் ஒருவரை வைத்துவிட்டு, ஏன் கூடுதலாக உழைக்கவில்லை என்று கேட்கலாமா? கூடுதல் டன் எடுத்தால் கூடுதல் பணம் வருமே என்று பதில் சொல்லலாம். வரும், ஆனால் எப்போது வரும்?

1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு வந்து 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியோடு தர வேண்டும் என்று சொல்கிறது. அந்த வட்டியைக் கையில் வாங்கிய விவசாயியைத் தேடிப் பாருங்கள். நிலுவைக்காகக் கலெக்டர் அலுவலக வாசலில் உட்கார்ந்த விவசாயியைத் தேட வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் எந்தக் கரும்பு மாவட்டத்துக்குப் போனாலும் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில் திரு ஆரூரான் சர்க்கரை ஆலை வாசலில் 2022 இறுதியில் விவசாயிகள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கரும்புக்கான பணம் வரவில்லை என்பது அவர்கள் குறைகளில் ஒன்று. தங்கள் பெயரில் வங்கியில் ஆலை வாங்கிய கடன் தங்கள் தலையில் விழுந்தது என்பது இன்னொன்று. தன் பெயரில் தான் வாங்காத கடன் நிற்கும்போது, சொட்டுநீருக்கும் நாற்றுக்கும் இன்னொரு கடன் வாங்கு என்று எந்த வாயால் சொல்வது?

பெரிய முதலீட்டாளரிடம் தொழிலை ஒப்படைத்தால் நவீனம் வரும் என்ற மூன்றாவது வாதத்துக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. மேனோன்பாறையிலும் பந்தளத்திலும் திருமண்டங்குடியிலும் இருந்தவை ஆலைக்கொட்டகைகளா? பெரிய எந்திரம், பெரிய முதலீடு, அரசின் ஆதரவு எல்லாம் உள்ள ஆலைகள்தானே. அவை நொடித்தபோது கரும்புக்காரர் நடுத்தெருவில் நின்றார். மறையூர்க் கொட்டகையில் சாறு பிழிந்து, சக்கையையே எரித்து, கொப்பரையில் பாகு காய்ச்சி, சூடு ஆறும் முன் கையால் உருட்டும் விவசாயியோ எந்த ஆலையின் வெட்டு உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. சிறிய அளவில் தன் பொருளைத் தானே முடித்து விற்பவர் அவர். அவருக்கு வேண்டியது நல்ல பிழிபொறி, புகை குறைந்து எரியும் அடுப்பு, சுத்தமான தளம், பொருளுக்கு ஏற்ற விலை. இருக்கும் கொட்டகையில் இவை நான்கையும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். கொட்டகையை இடித்துவிட்டால் எவருக்கும் சேர்க்க முடியாது.

விலையைப் பற்றிப் பேசும்போது நம் பஜாரைப் பற்றியும் பேசியாக வேண்டும். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழைமறைவுப் பகுதியான அந்த மலையில் விளைந்த கரும்பு, ரசாயனம் சேர்க்காமல் காய்ச்சிய அடர்நிற உருண்டை, அதன் மேல் உருட்டியவரின் விரல் தடம் என்று அதற்கென்று ஓர் அடையாளம் உண்டு. அந்தப் பெயரில் வேறு ஊர் வெல்லம் விற்கப்படுகிறது என்று மறையூர் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கத்துகிறார்கள். சர்க்கரை கலந்து, நிறத்துக்கு ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டுக் காய்ச்சிய வெல்லத்தைத் தமிழ்நாட்டில் சேலம் பக்கம் உணவுப் பாதுகாப்புத் துறை மீண்டும் மீண்டும் பறிமுதல் செய்கிறது. அப்படிப்பட்ட சரக்கு குறைந்த விலைக்குச் சந்தையில் இறங்கினால், யோக்கியமாகக் காய்ச்சியவரின் வெல்லம் கிடப்பில் கிடக்கும். எங்கிருந்து வந்தால் என்ன என்று கட்டுரையாளர் கேட்டாரே, அந்தக் கேள்விதான் கலப்படக்காரருக்கு வழிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்காத சந்தையில், நல்ல முறையில் செய்பவர் தோற்பார். அப்படித் தோற்பவர் புதிய முறையில் முதலீடு செய்ய எந்தக் காரணமும் இல்லை.

இதற்குச் சான்று நம் வாசலிலேயே உண்டு. 2020 ஓணத்துக்கு ரேஷன் கடைகள் வழியாகக் கொடுத்த இலவசப் பொருள் பையில் வைக்க, கேரள அரசின் சப்ளைகோ வாங்கிய வெல்லத்தில் ஒரு பகுதி தரப் பரிசோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டது. சப்ளைகோவின் தலைமை அலுவலகம் இருப்பது இதே கொச்சியில். மறையூருக்குக் குறியீடு கிடைத்து ஓராண்டு கடந்திருந்தது. குறைந்த விலை கேட்டவருக்கு டெண்டர் என்ற விதி தரத்தை எப்படிக் கழுத்தறுக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஓணத்துக்கு வறுக்கும் சர்க்கரவரட்டி முதல் கோயில் பாயசம் வரை இந்த மாநிலம் வெல்லத்தில் முங்கி எழுகிறது. இத்தனை தேவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மறையூரில் கரும்பு நிலம் சுருங்குகிறது என்றால், தவறு தேவைக்கும் விளைச்சலுக்கும் நடுவே இருப்பவர்களிடம் இருக்கிறது. அந்த நடுவில் நிற்பவர்களில் எங்கள் பஜாரும் ஒன்று. இந்தப் பொறுப்பிலிருந்து வியாபாரிகள் நாங்கள் நழுவ முடியாது.

மானியம் வீணாகிறது என்ற வாதத்தில் ஒரு பாதி உண்மை. சொட்டுநீர்க் குழாய்கள் வரப்போரம் சுருண்டு கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியத்தில் சொட்டுநீர் கிடைக்கிறது. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் அதை வாங்க நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் வேண்டும். குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு போடுகிறவர் கையில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான் இருக்கும், காகிதம் இருக்காது. அவருக்குத் திட்டம் எட்டாது. கிடைத்தவர்களுக்கும் உப்புத் தண்ணீரில் துளை அடைத்துக்கொண்டால், எலி கடித்தால், வெட்டு நேரத்தில் அரிவாள் பட்டு அறுந்தால், வந்து சரிசெய்து கொடுக்க ஆள் இல்லை. குழாயை எண்ணிக் கணக்கு முடிப்பதோடு திட்டம் முடிந்துவிடுகிறது. குழாய் மூன்றாம் வருடமும் தண்ணீர் சொட்டுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வீணாவது இந்த ஏற்பாட்டினால்தான். ஏற்பாட்டைத் திருத்தச் சொல்லியிருந்தால் நான் கட்டுரையாளரோடு சேர்ந்து நின்றிருப்பேன். அவரோ உதவியையே நிறுத்தச் சொல்கிறார். மருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதற்காக நோயாளியின் சிகிச்சையை நிறுத்தச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

ஒரு விவசாயி புதிய முறைக்கு மாற, அது பலன் தரும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. பலன் தன் கைக்கு வரும் என்ற உறுதியும், தோற்றால் தான் மட்டும் அழியமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். முதல் பாதியை ஆராய்ச்சி நிலையங்கள் நூறாண்டாகச் செய்துவருகின்றன. இரண்டாம் பாதியை யாருமே செய்யவில்லை. கரும்பு விவசாயிக்கு உதவி என்ற பெயரில் நாம் இதுவரை கொடுத்தது பெரும்பாலும் அறிவுரை. இழப்பில் பங்கு கேட்டு எவரும் அவர் பக்கத்தில் நின்றதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியங்களும் அல்ல. ஒற்றைப் பரு நாற்று முறைக்கோ புதிய ரகத்துக்கோ முதல் முறை மாறும் நிலத்துக்கு, பழைய முறையில் கிடைத்திருக்கும் வருமானத்தை அந்த ஒரு வருடத்துக்கு அரசும் ஆலையும் உறுதி செய்ய வேண்டும். மறையூர், காந்தளூர் பஞ்சாயத்துகளில் நாற்றங்கால்களை அந்த ஊர்க் குழுக்களே நடத்தும்படி பணமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஒரே ரகத்தை மாநிலம் முழுக்கப் பரப்பும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் மூன்று, நாலு ரகங்களைக் கலந்து நடச் செய்ய வேண்டும். உத்தரப்பிரதேசம் கற்ற பாடத்தைத் தமிழ்நாடு கோ 86032-இல் மறுபடியும் கற்கக் கூடாது. ஆலைகளில் விவசாயிவாரியாகக் கரும்பின் இனிப்பை அளந்து விலை தர வேண்டும். பதினாலாவது நாள் தாண்டினால் வட்டியை ஆலையின் கணக்கிலிருந்து நேராக எடுத்து விவசாயிக்குக் கொடுக்க வேண்டும். சப்ளைகோவும் கோயில்களை நிர்வகிக்கும் தேவஸ்வம் போர்டுகளும் குறியீடு பெற்ற வெல்லத்துக்கென்று தனி விலையில் தனி ஒப்பந்தம் போட வேண்டும். மட்டாஞ்சேரி வியாபாரிகளான நாங்கள் மறையூர் என்று எழுதிய மூட்டையை வாங்கும்போது, எந்தக் கொட்டகை, எந்தத் தேதி என்ற சீட்டு இல்லாமல் இறக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றையாவது செய்து பார்த்து, அதன் பிறகும் கரும்புக்காரர் மாறவில்லை என்றால், அவரைக் குற்றம் சாட்டும் கட்டுரையை அப்போது எழுதட்டும். ஒன்றையும் செய்யாத வரை, அந்தக் குற்றச்சாட்டு போக வேண்டிய முகவரிகள் வேறு: 14 நாள் விதியை மதிக்காத ஆலைகள், மலிவு டெண்டரில் தரத்தைத் தொலைத்த அலுவலகங்கள், எங்கிருந்து வந்தது என்று கேட்க மறுக்கும் சந்தை. கட்டுரையாளர் தன் அடுத்த கட்டுரையை அந்த முகவரிகளுக்கு எழுதட்டும்.